பெட்டியில் வராத நாயகன்



இந்த வாரம் நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் உங்களில் சிலருக்குச் சற்று வியப்பாய் இருக்கலாம். லெகோ என்னும் விளையாட்டுக் கட்டைகளைக் கொண்டு பேட்மேன், சூப்பர்மேன், ஸ்பைடர்மேன், அயர்ன்மேன் முதலான சித்திரக்கதை நாயகர்களைத் தாமே வடிவமைத்துக் கட்டுகிற மனிதர்களைக் குறித்தே எழுதப் போகிறேன். பிள்ளைகள் மாத்திரமல்ல, நரை கண்டவர்களும் இதைச் செய்கிறார்கள். இது ஒரு போதகர் எழுதவேண்டிய காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். நம் பிள்ளைகளின் மேசைமேலும் கட்டிலுக்கடியிலும் கிடக்கிற ஒரு பொருளைப் பற்றி நாம் சிந்தியாமல் விட்டுவிட்டால், விளம்பரம் எழுதுகிறவர்கள் நமக்குப் பதிலாகச் சிந்தித்து முடித்துவிடுவார்கள்.

பெற்றோர் சிலர் என்னிடம் இரண்டு விதமான முறையீடுகளைக் கொண்டுவருவதுண்டு. பறக்கிற மனிதனையும் முகமூடி அணிந்தவனையும் பிள்ளை அலமாரியில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறானே, இது ஒருவகை விக்கிரக வணக்கமாகிவிடாதா என்பது ஒன்று. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கட்டைகளைப் பெட்டியின் மேலுள்ள படத்தின்படி கட்டி வைக்காமல், எல்லாவற்றையும் பிரித்துக் கலந்து என்னத்தையோ செய்துகொண்டிருக்கிறானே என்பது மற்றொன்று. முதல் முறையீடு பெரும்பாலும் தாத்தா பாட்டிகளிடமிருந்து வருகிறது. இரண்டாவது, பணம் கொடுத்த தகப்பன்மாரிடமிருந்து. என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தகப்பன்மார் குறையாகச் சொல்லுகிற காரியத்திலேயே தாத்தா பாட்டிகளின் பயத்துக்கு மறுமொழி இருக்கிறது. அந்த 'என்னத்தையோ' என்பதைத்தான் நாம் மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் எண்ணுகிறேன்.

இந்தக் கட்டை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்றொரு தச்சர் இருந்தார். வீடுகளுக்கு வேண்டிய மரவேலைகளைச் செய்து பிழைத்தவர். 1924-இல் அவருடைய பட்டறை தீக்கிரையாயிற்று. மீண்டும் கட்டி எழுப்பினார். பின்பு உலகெங்கும் பொருளாதாரம் சரிந்து, வீடு கட்டுகிறவர்களே அரிதாகிப்போன காலத்தில், 1932-இல், மரத்தாலான சிறு பொருள்களையும் பொம்மைகளையும் செய்யத் தொடங்கினார். அதே ஆண்டில் மனைவியையும் இழந்து, நான்கு ஆண்பிள்ளைகளோடு தனித்து நின்றார். அவர் பக்தியுள்ள மனிதர். டேனிஷ் லுத்தரன் திருச்சபைக்குள் எழுந்த உள்நாட்டு மிஷன் என்னும் எழுப்புதல் இயக்கத்தைச் சேர்ந்தவர். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கித் தம் தொழிலுக்கு லெகோ என்று பெயரிட்டார்.

அவரைக் குறித்து அந்த நிறுவனத்தார் இன்றும் சொல்லி வருகிற ஒரு சம்பவம் உண்டு. அவருடைய மகன் காட்ஃப்ரெட், மரவாத்துகளை அனுப்பிவிட்டு மகிழ்ச்சியோடு தகப்பனிடம் வந்தான். வழக்கமாய் மூன்று முறை பூசுகிற வார்னிஷை இரண்டு முறை மாத்திரம் பூசி, அதனால் பணம் மிச்சப்படுத்தியதாகச் சொன்னான். தகப்பன் அவனை உடனே இரயில் நிலையத்துக்கு அனுப்பினார். பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து, பிரித்து, மூன்றாம் பூச்சையும் பூசி, மறுபடியும் கட்டி அனுப்பும்படி செய்தார். அதையும் அவன் தனியாகவே செய்ய வேண்டும் என்றார். வாத்து பொம்மையை வாங்குகிற குழந்தைக்கு இரண்டு பூச்சுக்கும் மூன்று பூச்சுக்கும் வேறுபாடு தெரியப்போவதில்லை. ஆனாலும் அந்தப் பட்டறையில் அது தெரிந்திருந்தது.

அந்த மகனே பின்னாளில் இன்றைய கட்டைக்கு வடிவம் கொடுத்தவர். 1949-இல் நெகிழிக் கட்டைகளை அவர்கள் செய்யத் தொடங்கினார்கள். ஆனால் அவை ஒன்றையொன்று உறுதியாய்ப் பற்றிக்கொள்ளவில்லை. மேலே குமிழ்கள் இருந்தன, உள்ளே வெறுமை. 1958 ஜனவரி 28-ஆம் நாள், கட்டையின் அடிப்புறத்தில் குழல்களை அமைத்து, மேலுள்ள குமிழ்களை அவை இறுகப் பிடிக்கும்படியான அமைப்புக்குக் காப்புரிமை விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டில் செய்யப்பட்ட கட்டையோடு இன்று கடையில் வாங்கிய கட்டை பொருந்தும். தாத்தாவின் பெட்டியில் கிடந்ததும் பேரனின் பெட்டியில் கிடப்பதும் ஒன்றாய்ச் சேருகிற பொருள்கள் நம் வீடுகளில் வேறு எத்தனை உண்டு என்று எண்ணிப் பாருங்கள். கைப்பேசியின் மின்னேற்றிகூட மூன்று ஆண்டு தாங்குவதில்லை.

இன்னொரு கணக்கையும் சொல்லுகிறேன். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 விதங்களில் பொருத்தலாம். மூன்றை 1,060 விதங்களில். ஆறு கட்டைகளை எத்தனை விதங்களில் பொருத்தலாம் என்பதைக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டார்: 91,51,03,765. தொண்ணூற்றொரு கோடிக்கும் மேல்! பெட்டியோடு வருகிற குறிப்பேடு அவற்றில் ஒன்றை மாத்திரம் காட்டுகிறது. மீதியெல்லாம் பிள்ளையினுடையவை.

இப்பொழுது நாயகர்களிடத்துக்கு வருவோம். லெகோ நிறுவனமே சித்திரக்கதை நாயகர்களைப் பெட்டியில் இட்டு விற்றது பிற்காலத்தில்தான். 2002-இல் ஸ்பைடர்மேன் வந்தான். 2006-இல் பேட்மேன். 2012 முதல் டிசி, மார்வெல் ஆகிய இரண்டு பதிப்பகங்களின் நாயகர்களும் ஒருமிக்க வந்தார்கள். அதற்கு முன்னே நாயகன் வேண்டுமென்று விரும்பிய பிள்ளை என்ன செய்தான்? தானே கட்டினான். நீலக்கட்டை உடலாயிற்று, சிவப்புத் துணித்துண்டு முதுகில் தொங்கியது. வேறு வழியில்லை. அப்படிக் கட்டியவர்கள் வளர்ந்தும் அந்தப் பழக்கத்தை விடவில்லை; இப்படித் தாமே வடிவமைத்ததற்கு 'மாக்' என்று பெயரிட்டார்கள். 'என் சொந்தப் படைப்பு' என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன பெயர் அது. ஒருவர் பதின்பருவத்தில் கட்டைகளைப் பரணில் ஏற்றிவிட்டு, பல ஆண்டு கழித்துத் திரும்ப இறக்குவதுண்டு. நடுவிலுள்ள அந்த ஆண்டுகளை அவர்கள் 'இருண்ட காலம்' என்று வேடிக்கையாய்ச் சொல்லுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெகுநேரம் சிரிக்க முடியவில்லை. கைகளால் ஒன்றையும் செய்யாமல் கடந்துபோன ஆண்டுகள் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு!

சித்திரக்கதை நாயகர்களுக்கும் இந்தக் கட்டைகளுக்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது. பழைய அமெரிக்கச் சித்திரக்கதைகள் மலிவான தாளில் நான்கு மைகளைக் கொண்டு அச்சிடப்பட்டவை. நுண்ணிய சாயல்களுக்கு அங்கே இடமில்லை. ஆகவே நாயகர்களுக்கு அழுத்தமான நிறங்களில் உடை கொடுத்தார்கள்: சிவப்பு, நீலம், மஞ்சள். லெகோவின் தொடக்ககால நிறங்களும் ஏறக்குறைய அவையே. அதனால் என்ன ஆயிற்று என்றால், ஒரு நீலக்கட்டையின்மேல் ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள் என்று ஏதோ ஒரு வரிசையில் அடுக்கினாலும், பார்க்கிறவன் "சூப்பர்மேன்!" என்கிறான். முகமில்லை, கையில்லை, காலில்லை. ஆனாலும் ஆளை அடையாளம் தெரிகிறது.

பெரியதாய்க் கட்டும்போதுதான் பாடு தொடங்குகிறது. பேட்மேனின் போர்வை காற்றில் விரிந்து மடிய வேண்டும்; கட்டையோ செங்கோண வடிவம். இதற்காகக் கட்டுகிறவர்கள் கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பி, குமிழ்கள் வெளியே தெரியாதபடி பொருத்துகிற முறைகளைக் கண்டுபிடித்தார்கள். கதவின் கீலைத் தோள்மூட்டாக்குகிறார்கள். வாகனத்தின் சக்கர மூடியைக் கேடயமாக்குகிறார்கள். ஒரு காரியத்துக்கென்று செய்யப்பட்ட துண்டை, அதைச் செய்தவன் நினையாத இடத்தில் வைத்து, அது அங்கேயே பிறந்ததுபோல் காட்டுவதைத்தான் அவர்கள் பெரிய திறமையாக மதிக்கிறார்கள். நிறமும் அவர்கள் விருப்பப்படி கிடைப்பதில்லை. வேண்டிய வடிவத்துண்டு வேண்டிய நிறத்தில் வார்க்கப்படவே இல்லை என்றால், அந்த நாயகனின் தோளை வேறு விதமாய்த்தான் யோசிக்க வேண்டும். தடைகளுக்குள் இருந்துகொண்டு செய்கிற வேலை இது. ஆசரிப்புக் கூடாரத்துக்கு வேலை செய்த பெசலெயேலுக்கும் இன்ன பொருள், இன்ன அளவு என்று வரையறுத்தே கொடுக்கப்பட்டது என்பது வேதாகமம் படிக்கிற உங்களுக்கு நினைவிருக்கும்.

இத்தகைய கட்டுமானத்தைப் பிழைப்பாகவே ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு. நேதன் சவாயா என்பவர் நியூயார்க் நகரில் பெரிய நிறுவனங்களுக்கு வழக்கறிஞராய் இருந்தார். 2004-இல் அந்த வேலையை விட்டு, முழுநேரமும் கட்டைகளால் சிற்பம் செய்யத் தொடங்கினார். 2015-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்தில், டிசி நாயகர்களையும் அவர்களுடைய பகைவர்களையும் கட்டைகளால் வடித்த அவருடைய கண்காட்சி திறக்கப்பட்டது. அதில் பேட்மேனின் வாகனம் ஒன்று இருந்தது: நிஜ வாகனத்தின் அளவு, ஐந்தரை மீட்டர் நீளம், ஏறக்குறைய ஐந்து இலட்சம் கட்டைகள். பார்க்கிறவர்கள் மூச்சடைத்துப் போனதில் வியப்பில்லை.

ஆனால் சவாயா தம் சிற்பங்களைப் பசை கொண்டு ஒட்டுகிறார். ஊர் ஊராய்க் கொண்டுபோக வேண்டியவை என்பதால் அவருக்கு அது தேவை. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. எனினும் கட்டைகளை நேசிக்கிறவர்களிடையே பசை என்பது மெதுவாய்ச் சொல்லப்படுகிற சொல். 2014-இல் வந்த 'தி லெகோ மூவி' என்னும் திரைப்படத்தின் கதையே இதுதான். தாம் கட்டிய நகரத்தைப் பிள்ளை தொடாதபடி எல்லாவற்றையும் பசையிட்டு நிலைநிறுத்த நினைக்கிற ஒரு தகப்பன். எல்லாவற்றையும் கலைத்து வேறொன்றாக்கப் பார்க்கிற ஒரு மகன். தகப்பன்மாரே, பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தால் கடைசி அரைமணி நேரத்தில் நாற்காலியில் நெளிவீர்கள்.

இங்கேதான் விக்கிரகத்தைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயத்தை நான் அற்பமாய் எண்ணவில்லை. மனித இருதயம் எதையும் பீடத்தில் ஏற்றிவிடும். சினிமா நடிகருக்கும் அரசியல்வாதிக்கும் அது நடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் சொந்தமாய்க் கட்டுகிற பிள்ளையை ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். திங்கட்கிழமை பேட்மேனாய் நின்றவன் வியாழக்கிழமை பாலமாகிவிடுகிறான். அவனுடைய கறுப்பு உடல் இரயில் எஞ்சினுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. இரக்கமே இல்லாமல் பிரித்துவிட்டான்! அமெரிக்காவின் சியாட்டில், சிகாகோ நகர்ப் பகுதிகளிலும், டென்மார்க்கின் ஸ்கேர்பேக்கிலும் ஆண்டுதோறும் கூடுகிற பெரிய கண்காட்சிகளில் கூட இதுதான் வழக்கம். பல மாதம் உழைத்துக் கட்டியதை இரண்டு மூன்று நாள் மேசைமேல் வைத்துக் காட்டுகிறார்கள். பின்பு பலர் வீடு திரும்பியதும் அதைப் பிரித்து, நிறம் நிறமாய், வடிவம் வடிவமாய்ப் பெட்டிகளில் போட்டுவிடுகிறார்கள். அடுத்ததைக் கட்டக் கட்டைகள் வேண்டுமே. தான் செய்ததைத் தானே கலைத்துப்போடத் தெரிந்தவன் அதை வணங்குகிறவன் அல்லன்.

எனக்குக் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டியைத் திறக்காமலே அலமாரியில் வைத்து, விலை ஏறும்வரை காத்திருக்கிற பெரியவர்கள் உண்டு. குறிப்பேட்டின்படி ஒருமுறை கட்டி, கண்ணாடிக்குள் பூட்டி, பிள்ளையின் விரல் படக்கூடாது என்கிற வீடுகளும் உண்டு. தொடக்கூடாதது, பிரிக்கக்கூடாதது, விலை மதிப்பு குறையக்கூடாதது என்று ஒரு பொருள் வீட்டில் இருக்குமானால், தாத்தா பாட்டிகளின் பயம் அந்த அலமாரியை நோக்கித் திரும்பட்டும். பெட்டிகளின் விலையும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுவதாயில்லை. பிறந்தநாள் விழாவில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வந்தது எனக்கு வரவில்லையே என்ற ஏக்கத்தை அந்த விளம்பரங்கள் தெரிந்தே மூட்டுகின்றன. உதிரிக் கட்டைகள் ஒரு டப்பா நிறைய இருந்தால் போதும். பெட்டி வாங்க இயலாத வீட்டுப் பிள்ளை சில வேளைகளில் அதிகம் பெற்றவனாயிருக்கிறான்.

நேர்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நாயகர்களின் கதைகளில் நீதி வெல்லுகிறது. அந்த நாயகர்களைப் படைத்தவர்களுக்கு நடந்ததோ வேறு. ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள், யூதக் குடியேறிகளின் பிள்ளைகள், சூப்பர்மேனைப் படைத்தார்கள். 1938-இல் அவனுடைய முழு உரிமையையும் 130 டாலருக்குப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். பதிப்பகம் அவனால் செல்வத்தில் புரண்டது. அவர்கள் வறுமையில் மூப்படைந்தார்கள். 1975-இல், ஊரறிய அவமானமாகிவிட்ட பின்புதான், ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், கதைகளில் அவர்கள் பெயரும் கொடுக்கப்பட்டன. பேட்மேனின் கதை இன்னும் கசப்பானது. அவனுடைய உருவத்தையும் கதையையும் உருவாக்கியதில் பெரும்பங்கு பில் ஃபிங்கர் என்பவருடையது. அவர் 1974-இல் மரித்துப்போனார். அவருடைய பெயர் படைப்பாளியென்று முறையாய் அச்சேறியது 2015-இல். நாற்பத்தோர் ஆண்டு தாமதம்.

இந்தக் கதைகளை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், இரசிகர்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட ஒரு வழக்கம் எனக்கு அருமையாய்த் தோன்றுகிறது. ஒருவர் பேட்மேனின் குகையைக் கட்டும்போது, மற்றொருவர் கண்டுபிடித்த பொருத்தும் முறையைப் பயன்படுத்தினால், "இந்த முழங்கால் அமைப்பு இன்னாருடையது" என்று எழுதி வைக்கிறார். பணம் ஒன்றும் கைமாறுவதில்லை. எழுதாமல் விட்டால் யாரும் வழக்குப் போடப்போவதுமில்லை. என்றாலும் எழுதுகிறார்கள். எழுதாதவனை மற்றவர்கள் விரைவில் அறிந்துகொள்கிறார்கள். லெகோ நிறுவனமும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: இரசிகர் ஒருவர் முன்வைத்த வடிவத்துக்கு 10,000 பேர் ஆதரவு தெரிவித்தால் அதை ஆராய்ந்து பார்க்கும், பெட்டியாக விற்கத் தெரிந்துகொண்டால், நிகர விற்பனையில் நூற்றுக்கு ஒரு பங்கு அவருக்கு. ஒரு பங்கு போதுமா என்று கேட்கலாம், நானும் கேட்கிறேன். ஆனால் அந்தப் பெட்டிகளில் வடிவமைத்தவரின் பெயர் இருக்கிறது.

இதற்கு எதிரான பாதையில் போனவர்களையும் சொல்ல வேண்டும். சீனாவில் லெப்பின் என்ற பெயரில் கட்டைகள் விற்கப்பட்டன. லெகோவின் பெட்டிகளை அப்படியே பார்த்துச் செய்தார்கள். அதோடு நில்லாமல், எளிய இரசிகர்கள் சொந்தமாய் வடிவமைத்து வெளியிட்டவற்றையும் எடுத்து, ஒரு சொல் கேளாமல் பெட்டியிட்டு விற்றார்கள். 2019-இல் ஷாங்காய் காவல்துறை அந்த இடங்களைச் சோதனையிட்டது. 2020-இல் அதன் முதல்வருக்கு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. விலை குறைவு என்பதற்காக எது யாருடையது என்று பாராமல் வாங்குகிற கை நம்முடையதாகவும் இருக்கலாம் என்பதைப் பெற்றோர் யோசிக்கட்டும். லெகோவின் கைகளும் தொடக்கத்தில் முற்றிலும் தூயவை அல்ல. 1949-இல் அவர்கள் செய்த முதல் கட்டை, இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் செய்துவந்த கட்டையைப் பார்த்துச் செய்யப்பட்டதே. மூன்றாம் பூச்சுக்காக மகனை இரயில் நிலையத்துக்கு அனுப்பிய அதே வீட்டில் இதுவும் நடந்தது. மனிதரைப் பற்றி எழுதும்போது இப்படிப்பட்டவைகளை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வருவதில்லை.

நாயகர்கள் எல்லாவற்றையும் கைச்சண்டையால் தீர்த்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். அதைப் பற்றிப் பிள்ளையோடு பேசுங்கள்; பேசினால் அவன் கேட்பான். இன்று அதற்குமேல் அதில் நிற்க நான் விரும்பவில்லை. ஏனெனில் உங்களுக்குச் சொல்லவேண்டுமென்று நான் முக்கியமாய் நினைத்த ஒருவர் இன்னும் இருக்கிறார்.

உங்களில் மூத்தவர்களுக்கு இரும்புக்கை மாயாவியை நினைவிருக்கும். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழில் வந்தவன் அவன். ஆங்கிலத்தில் லூயிஸ் கிராண்டெல் என்ற பெயருடைய அவன், ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து, அதற்குப் பதிலாக இரும்புக்கை பொருத்தப்பட்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்துபோகும். கை மாத்திரம் அந்தரத்தில் தெரியும். கையிழந்த ஒருவன் நாயகனாகிறான் என்பதை அந்த நாள்களில் பஞ்சு மிட்டாய் தின்றுகொண்டே படித்தவர்கள், அதில் என்ன இருந்தது என்று யோசித்திருக்க மாட்டோம். சித்திரக்கதைகளில் இப்படிப்பட்டவர்கள் பலர். டேர்டெவில் பார்வையற்றவன். எக்ஸ்-மென்னின் ஆசிரியர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். அயர்ன்மேனோ 1963-இல் முதன்முதலாய்த் தோன்றியபோதே சிறைபிடிக்கப்பட்டு, நெஞ்சில் காயத்தோடு, கையில் கிடைத்த இரும்புத் துண்டுகளைக் கொண்டு தன் முதல் கவசத்தைக் கட்டினவன். அவனுடைய கவசங்களுக்கு மார்க் ஒன்று, மார்க் இரண்டு என்று வரிசை எண் உண்டு, எழுதும்போது எம்.கே. என்று சுருக்கி எழுதுவார்கள்.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில், மலைகளுக்குள் அந்தோரா என்றொரு சிறு நாடு இருக்கிறது. அங்கே 1999-இல் பிறந்தவர் டேவிட் அகிலார். போலந்து நோய்க்குறி என்னும் அரிய பிறவிக்குறையினால் அவருக்கு வலது முன்கை உருவாகவில்லை. மற்றப் பிள்ளைகளின் முன்னே நிற்க மனம் கூசியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஐந்து வயதிலிருந்தே லெகோ கட்டைகள்தாம் அவருக்குத் துணை. ஒன்பது வயதில் அந்தக் கட்டைகளைக் கொண்டே தனக்கு ஒரு கையைச் செய்து பார்த்தார். அது தாங்கவில்லை. குழந்தை செய்த ஒன்று. கட்டைகள் கழன்று விழுந்தன. அவனுடைய தாயும் தகப்பனும் அன்றைக்கு, "படத்தில் இருப்பதைக் கட்டு, கண்டதையும் செய்யாதே" என்று சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஒன்பது ஆண்டு கடந்தது. 2017-இல், பதினெட்டாம் வயதில், லெகோ டெக்னிக் வரிசையில் ஒரு ஹெலிகாப்டர் பெட்டி அவரிடம் இருந்தது. அந்தத் துண்டுகளைக் கொண்டு முழங்கை மடங்கவும், முனையிலுள்ள பிடி பொருளைப் பற்றவும் கூடிய ஒரு கையை அவர் கட்டினார். அதற்கு எம்.கே.-1 என்று பெயரிட்டார். அயர்ன்மேனின் முதல் கவசத்தின் பெயர். அதை அணிந்துகொண்டு இரண்டு கைகளையும் தரையில் ஊன்றித் தண்டால் எடுத்தார். வேலை செய்யக்கூடிய முதல் லெகோ செயற்கைக் கை என்று கின்னஸ் சாதனைப் புத்தகம் அதைப் பதிவு செய்தது. இணையத்தில் தமக்கு 'ஹேண்ட் சோலோ' என்று அவரே வேடிக்கையாய்ப் பெயர் வைத்துக்கொண்டார். பிறகு எம்.கே.-2 வந்தது, 3 வந்தது, 4 வந்தது. மின்விசையால் பிடி மூடித் திறக்கும்படி ஒவ்வொன்றும் முந்தினதைக் காட்டிலும் சீர்ப்பட்டது. பார்சிலோனாவில் உயிரியல் பொறியியல் படிக்கச் சென்றபோது, தம் விடுதி அறையில் அந்தக் கைகளையெல்லாம் வரிசையாய் வைத்திருந்தார். ஆம், அலமாரியில் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்ட நாயகனின் பொருள்கள்தாம் அவையும்.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வசித்த, கஜகஸ்தானைச் சேர்ந்த ஓர் எட்டு வயதுச் சிறுவனுக்கு இரண்டு கைகளும் முழுமையாய் வளரவில்லை. அகிலாரைப் பற்றிக் கேள்விப்பட்டு அவனுடைய தாய் அவரைத் தேடினாள். அவர் அவனுடைய சிறு உடலுக்குத் தக்கதாக, எடை குறைவான ஒரு கையைக் கட்டைகளால் செய்து கொடுத்தார். அதற்கும் எம்.கே. என்ற அதே இரண்டு எழுத்துகளைப் போட்டார். அதன் பின்னே எண் எழுதவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரை எழுதினார்.